வெட்டும் முன் நான்கு விளிம்புகளையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஞாயிறு இணைப்பில் தொடர்ந்து இடம் தருகிறீர்கள், நன்றி. ஆனால் படத்தின் கீழே ‘அருமையான கோணம்’, ‘மனதைத் தொடும் பதிவு’ என்று ஒரு வரிதான் வருகிறது. எடுத்தவருக்கு அது பாராட்டு. அடுத்த படத்தைத் திருத்திக்கொள்ள அதில் எதுவும் இல்லை. வெளியாகும் படங்களில் பல, சரியான இடத்தில் ஒரு கிராப் (வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்குவது) விழுந்தால் எங்கேயோ உயர்ந்துவிடும்.

கிராப் செய்வது ஏமாற்று வேலை என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கேமராவில் பதிவான முழுப் படப்பரப்பை, அதாவது ஃப்ரேமை, வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1932-இல் பாரிஸில் அவர் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரின் படமே வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியே எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது. 1960 மார்ச்சில் ஹவானாவில் கியூபப் புகைப்படக் கலைஞர் ஆல்பெர்டோ கோர்டா எடுத்த சே குவேரா படத்தின் மூல ஃப்ரேமில் ஒரு பக்கம் இன்னொருவரின் முகமும் மறுபக்கம் பனை ஓலைகளும் உண்டு. அவை இரண்டையும் நீக்கிய பிறகுதான் உலகம் அறிந்த அந்த முகம் கிடைத்தது. செய்திப் படத்தில் மட்டும் வெட்டு பொருளை மாற்றிவிடக் கூடாது. அங்கே விதி வேறு.

கறுப்பு வெள்ளையில் கண்ணை இழுப்பது வெளிச்சமும் கான்ட்ராஸ்ட்டும் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு). வண்ணத்தில் சிவப்புச் சட்டையும் பச்சை இலையும் தனித்தனியாகத் தெரியும். சாம்பலாக மாறியதும் இரண்டும் ஒரே டோனில், அதாவது ஒரே சாம்பல் அளவில், ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே முதலில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, எடிட்டிங் மென்பொருளின் சேனல் மிக்ஸர் என்ற கருவியில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைச் சரிசெய்து, டோன்கள் பிரிந்த பிறகே கிராப்பைத் தீர்மானிக்க வேண்டும். வண்ணப் படத்தில் பொருத்தமாகத் தெரிந்த வெட்டு இங்கே பொருந்தாமல் போவது சாதாரணம்.

அடுத்து நான்கு விளிம்புகளையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டுதான் பெரும்பாலும் குற்றவாளி: ஒரு துண்டு வானம், ஜன்னல், யாரோ ஒருவரின் பாதிச் சட்டை. அது படத்தின் நடுவில் இருந்து கண்ணைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடும். உடம்பை வெட்ட நேர்ந்தால் மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் வெட்டாமல் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே வெட்டுங்கள். மூட்டில் வெட்டினால் உறுப்பு துண்டானதுபோல் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பியும், கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கியும் பார்ப்பது நல்லது. அப்போது முகமும் கதையும் மறைந்து கறுப்பு, வெள்ளைப் பரப்புகளின் எடை மட்டும் தெரியும். பிரின்ட் கையில் இருந்தால் ‘எல்’ வடிவில் வெட்டிய இரண்டு சாம்பல் அட்டைகளை மேலே வைத்து நகர்த்திப் பார்ப்பதற்கு ஈடான கருவி கிடையாது.

சாய்வை நேராக்குவதும் ஒரு கிராப்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீள அகலம் 3:2 விகிதத்தில் உள்ள படத்தை 3 டிகிரி திருப்பி, அதே விகிதத்தை வைத்துக்கொண்டால் நீள அகலத்தில் சுமார் 7 சதவீதமும் பரப்பில் 14 சதவீதமும் போய்விடும். எனவே நேராக்கிய பிறகே மற்ற வெட்டு. 6000 x 4000 பிக்சல் படத்தை நீள அகலத்தில் பாதியாக வெட்டினால் 3000 x 2000 மிஞ்சும். அதாவது 24 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் பத்து லட்சம் பிக்சல்) 6 ஆகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 10 அங்குல அகலத்துக்கு அது போதும். அதே அளவு பிரின்ட்டில் நாய்ஸும் (டிஜிட்டல் படத்தின் புள்ளிகள்) கிரெய்னும் (ஃபிலிமின் மணிகள்) இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெட்டிய பின் படம் மங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெட்டுப்பட்ட பகுதியில்தான் படத்தின் ஒரே முழு வெள்ளையோ முழுக் கறுப்போ இருந்திருக்கும். ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) பார்த்து, மென்பொருளின் லெவல்ஸ் கருவியில் கறுப்பு, வெள்ளை என்ற இரு முனைகளையும் புதிதாக அமைத்தால் உயிர் வந்துவிடும். மூடுபனிப் படத்துக்கு இது ஆகாது. அதன் அழகே நடுச்சாம்பலில்தான். ஓரங்களை முன்பே இருட்டாக்கியிருந்தால் கிராப்புக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் இருண்டு கோணலாகத் தெரியும். அந்த வேலையைக் கடைசிக்கு வைக்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடவே கூடாது.

இனி, பிறர் கருத்து. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக இரண்டு மூன்று கிராப்களை அ, ஆ, இ என்று மட்டும் குறித்து, எங்கே எடுத்தது, யார் அவர் என்று ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். கேள்விகள் மூன்று போதும்: கண் முதலில் எங்கே போனது? அடுத்து எங்கே? எந்த விளிம்பு வழியே வெளியேறியது? பதிலை ஒவ்வொருவரும் முதலில் எழுதிவிட்டுப் பிறகு பேச வேண்டும். முதலில் வாய் திறப்பவரின் கருத்து மற்றவர்கள்மேல் ஏறிவிடாமல் இருக்க இதுவே வழி. நான்கைந்து பேர் போதுமானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். அதற்கான மருந்து என்று அவர்கள் சொல்வது பல சமயம் தவறாக இருக்கும். ‘முகம் இருட்டா இருக்கு’ என்று இருவர் சொன்னால் உடனே முகத்தை வெளுக்க வேண்டாம். மேல் மூலையில் உள்ள வெள்ளை வானத்தை வெட்டிப் பாருங்கள். முகம் தானாகவே வெளிச்சம் பெறுவதுண்டு. எல்லோரும் சொன்னதையெல்லாம் கூட்டி ஒரு நடுவாந்தர கிராப் போட்டால் யாருடைய படமாகவும் இராது. எதைச் சொல்லப் படம் எடுத்தோம் என்பது எடுத்தவருக்கே தெரியும். கடைசி வெட்டு அவருடையதாகவே இருக்கட்டும். கருத்துச் சொல்பவரும் பிரதியில் கோடு போட்டுக் காட்டலாம்; அனுமதி இல்லாமல் தானே வெட்டி மற்றவர்களுக்குப் பரப்புவது மரியாதை ஆகாது.

எனவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு படத்துக்காவது முழு ஃப்ரேமையும் வெட்டிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஏன் அங்கே வெட்டப்பட்டது என்று தேர்வாளர் நான்கு வரி எழுதட்டும். படம் அச்சில் எத்தனை அங்குல அகலத்தில் வரும் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். நாளிதழ்த் தாளுக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் போதும் என்பதால், 6 அங்குல அகலப் படத்துக்கு வெட்டிய பின் 1200 பிக்சல் மிஞ்சினாலே போதும் என்று வாசகர் தயங்காமல் வெட்டலாம். அந்தத் தாளில் மை பரவி நிழல் பகுதிகள் அடைபட்டுப்போகும். ஆகவே நிழல் விவரங்களைச் சற்றுத் தூக்கி அனுப்பச் சொல்லுங்கள். வானம் வெளுத்த படங்களுக்கு மெல்லிய சாம்பல் கோடு ஒன்றைச் சுற்றிலும் போட்டால், படம் எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்ற குழப்பமும் இராது.

இப்படிக்கு,
கறுப்பு வெள்ளைப் படங்களில் ஈடுபாடுள்ள வாசகர்