பாசி வளரட்டும், கம்பி துருப்பிடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாசி வளரும் கான்கிரீட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெயிலில் கொதிக்கும் சுவர்கள் பச்சையானால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மேம்பாலத் தூண்களையே இதில் கட்டலாம் என்று முடித்திருந்ததைப் பார்த்து, கட்டடப் பொறியாளராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சாதாரண கான்கிரீட்டின் பி.எச்., அதாவது காரத்தைக் காட்டும் அளவு, 12-க்கு மேல். அந்தக் காரத்தில் பாசி எளிதில் பிடிக்காது. உள்ளே இருக்கும் கம்பியைத் துரு அண்டாமல் காப்பதும் அதே காரம்தான். அது 9-க்குக் கீழே இறங்கினால் கம்பியின் மேல் உள்ள மெல்லிய காப்புப் படலம் போய்விடும். பாசிக்கோ காரம் குறைய வேண்டும், நுண்துளைகளில் ஈரமும் நிற்க வேண்டும். கம்பிக்கு இதைவிட வேறு எமன் வேண்டாம். துருவேறிய இரும்பு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். பழைய வீடுகளின் சன்ஷேடை அடியிலிருந்து நிமிர்ந்து பாருங்கள்: கம்பி ஓடும் வழியிலேயே நீளமான விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளலான சத்தம்.

2012-ல் பார்சிலோனாவின் கத்தலோனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அறிவித்த உயிரியல் கான்கிரீட்டில் பாசி வளரும் அடுக்கு தனி. அதற்கும் பாரம் தாங்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஈரம் புகாத அடுக்கு ஒன்று உண்டு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! என்னைக் கேட்டால் முழு விஷயமும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. அது எங்காவது கீறினால், மேலே பாசி போர்த்தியிருக்கும்போது யார் கண்ணில் படும்? தூணைப் பரிசோதிக்க வரும் பொறியாளர் முதலில் தேடுவதே விரிசலையும் கறையையும்தான்.

அப்புறம், நம் ஊர்க் காக்கைகள். அவற்றின் எச்சத்தில் விழும் ஆல விதை, அரச விதைக்கு ஈரமான நுண்துளைச் சுவர் கிடைத்தால் போதும். பாசி மேலோடு நிற்கும். அரசங்கன்றின் வேர் நிற்காது.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. ஜப்பானில் ஆற்றங்கரைச் சரிவுகளில் துளைகள் நிறைந்த கான்கிரீட்டில் புல் வளர்க்கிறார்கள். கம்பியில்லாத அப்படிப்பட்ட இடங்களிலும், சுற்றுச்சுவர்களிலும் நாமும் தொடங்கலாம். தூண்களுக்குப் பரிந்துரைக்கும் முன், நம் மழைக்கும் கடற்கரை உப்புக்காற்றுக்கும் அந்த நீர்புகா அடுக்கு எத்தனை ஆண்டு தாங்கும் என்று துறை வல்லுநர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

— ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், நாகப்பட்டினம்