சக்கர நாற்காலிப் பயணியைக் கேட்டுக்கு வெளியே விட்டுச்சென்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பயணியின் மகள் (பயணச்சீட்டு எடுத்தவர்),
தெம்பனிஸ், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விமான நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகம்.

பொருள்: சிங்கப்பூர் – திருச்சிராப்பள்ளி விமானத்தில் சக்கர நாற்காலி உதவி பாதியில் நின்றது, உங்கள் பதில் கடிதத்தை ஏற்க மறுப்பது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார்,

பயண எண், தேதி, பதிவுக் குறியீடு, போர்டிங் பாஸின் படம் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றைக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் அலுவலகம் அதை ஏற்கெனவே செய்துவிட்டது, நானும் அனுப்பிவிட்டேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, சர்க்கரையும் உண்டு. வீட்டுக்குள் கைத்தடி ஊன்றி நடப்பார். படி ஏற முடியாது. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. இதையெல்லாம் பயணச்சீட்டு எடுத்த அன்றே தொலைபேசியில் சொன்னேன். உங்கள் ஊழியரும் பொறுமையாக விசாரித்து, எந்த வகை உதவி என்று பதிந்துகொண்டார். விமானத் துறையில் இதற்கு மூன்று குறியீடுகள் உண்டு. ‘டபிள்யூசிஎச்ஆர்’ என்றால் பயணி படி ஏறுவார், நெடுந்தூரம்தான் நடக்க முடியாது. கடைசி எழுத்து ‘எஸ்’ என்றால் படியும் ஏற முடியாது. ‘சி’ என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அம்மாவுக்குப் பதிந்தது ‘எஸ்’. நீங்கள் அனுப்பிய உறுதிச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

செக்-இன் கவுண்டரில் அது ‘ஆர்’ ஆனது. டாக்சியிலிருந்து இறங்கி, தடியை ஊன்றிக் கவுண்டர் வரை நாலு எட்டு வைத்து வந்ததை உங்கள் ஊழியர் பார்த்தார். “நடக்கிறார்களே” என்றார். எதையோ தட்டினார். எழுத்து மாறியதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. உங்கள் பதில் கடிதத்தில் “பயணி நடக்கக்கூடியவர் என்று பதிவாகியிருந்தது” என்று படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பதிவைச் செய்தவர் நீங்கள். அதையே எனக்குப் பதிலாகவும் எழுதினால் நான் என்ன சொல்வது?

சாங்கி விமான நிலைய முதலாம் முனையத்தின் புறப்பாட்டு வாசலில், சக்கர நாற்காலி தள்ளும் தம்பியிடம் அம்மாவை ஒப்படைத்தேன். அதற்கு மேல் நான் போக முடியாது. வழியனுப்புவதற்காகவே ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே போவது இங்கே சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது தெரியும், ஊரிலிருந்து வருபவர்களுக்குத்தான் புரிய வைப்பது கஷ்டம். “நீயும் உள்ள வந்து ஏத்திவிட்டுட்டுப் போயேன்டி” என்று அம்மா கேட்டார். “அவங்க பாத்துக்குவாங்கம்மா” என்றேன். உங்கள் நிறுவனத்தின் சார்பில்தான் அந்த வாக்கைக் கொடுத்தேன்.

உள்ளே நடந்ததை அம்மாவிடமும், அவருக்கு உதவிய ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போர்டிங் பாஸில் விமானம் ஏறும் வாசலாக அச்சாகியிருந்தது ஒரு சி கேட். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை அந்தந்த கேட்டின் வாசலில் நடக்கும், நான்காம் முனையத்தில் மட்டும்தான் எல்லாருக்கும் ஒரே இடத்தில். அதனால் கேட் திறக்கும் வரை பயணிகள் வெளியே இருக்கும் பொது இருக்கைகளில் காத்திருக்க வேண்டும். அந்தத் தம்பி அம்மாவை அப்படி ஓர் இருக்கையில் மாற்றி உட்கார வைத்துவிட்டு, நாற்காலியை எடுத்துக்கொண்டு அடுத்த பயணியிடம் போய்விட்டார். கையைக் காட்டி ஏதோ சொன்னாராம். அம்மாவுக்குப் புரிந்தது, ‘இங்கேயே இருங்கள்’ என்று. இருந்தார்.

பிறகு விமானம் டி கேட்டுக்கு மாறியது. முதலாம் முனையத்தைத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். சி ஒரு சிறகு, டி எதிர்ச் சிறகு. நகரும் நடைபாதை இருந்தாலும் நல்ல காலுள்ளவர்களே மூச்சு வாங்கும் தூரம். கேட் மாறியது திரையில் ஆங்கிலத்தில் வந்திருக்கும். என் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தி வந்தது. ஆனால் நான் அப்போது வெளியே இருக்கிறேன், அம்மா உள்ளே இருக்கிறார். உங்கள் தொலைபேசி எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று அது என்னைச் சுற்றவிட்டதே தவிர, மனிதக் குரல் வரவில்லை.

அம்மாவைக் கண்டுபிடித்தது உங்கள் ஆள் இல்லை. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தம்பி. சேலையையும் கையில் பிடித்திருந்த போர்டிங் பாஸையும் பார்த்துவிட்டு, “ஆத்தா, திருச்சிக்கா? கேட்டு மாறிப்போச்சே, ஒங்கள யாரும் கூப்புடலையா?” என்று கேட்டிருக்கிறார். தன் பையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு அம்மாவைத் தாங்கி நடத்திக் கூட்டிப்போனார். வழியில் கழிப்பறைக்கும் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது, சர்க்கரைக்காரருக்கு அது தவிர்க்க முடியாதது. பெரும்பாலான கேட் அறைகளுக்குள் கழிப்பறை கிடையாது, சோதனை முடித்து உள்ளே போய்விட்டால் மறுபடி வெளியே வர வேண்டும் என்பது உங்கள் ஊழியர்களுக்குத் தெரியாததல்ல. சக்கர நாற்காலிப் பயணியை அதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்பது எவ்வளவு பெரிய காரியம்?

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற எல்லாரும் ஏறிவிட்டார்கள். காலை நீட்ட வசதியாக இருக்கட்டும் என்று கூடுதல் கட்டணம் கட்டி நான் எடுத்திருந்த முன்வரிசை இருக்கையில் வேறொருவர் இருந்தார். அம்மாவைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரம் மடக்கிய முழங்காலோடு உட்கார்ந்து போனார். ஊருக்குப் போன பிறகு கால் வீங்கி, மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று.

நாற்காலி தள்ளிய தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த பட்டியலில் அடுத்த பெயர் இருந்திருக்கும், அவர் ஓடினார். விமான நிலையத்தைக் குறை சொல்லவும் இந்தக் கடிதம் எழுதவில்லை. 1981 முதல் இயங்கும் முனையம் அது, வழிகாட்டிப் பலகைக்கும் தகவல் கவுண்டருக்கும் அங்கே குறைவில்லை. குறை ஒரே இடத்தில்தான். கவுண்டரிலிருந்து நாற்காலிக்காரருக்கும், நாற்காலிக்காரரிடமிருந்து கேட் ஊழியருக்கும் பயணி கைமாறும்போது, ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்ல உங்கள் ஏற்பாட்டில் ஆள் இல்லை. ஒரு பெட்டிக்குக்கூடப் பட்டை ஒட்டி, ஒவ்வோர் இடத்திலும் ஸ்கேன் செய்கிறீர்கள்.

பெட்டி என்றதும் நினைவு வருகிறது. அம்மாவின் பெட்டி சக்கரம் உடைந்து வந்தது. திருச்சியில் உங்கள் ஊழியர், “விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இங்கே கேட்டால் திருச்சியைக் கேளுங்கள் என்கிறீர்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கும் 1999 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 31-ஆம் விதியின்படி, பெட்டி சேதமடைந்தால் பெற்றுக்கொண்ட 7 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவித்தால் போதும், தாமதமாக வந்தால் 21 நாள். அந்த 7 நாளுக்குள் அனுப்பிய மின்னஞ்சலின் நகல் இணைப்பில் இருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் பெட்டிகளுக்கான பொறுப்பு வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). என் அம்மாவின் பெட்டி அதன் பக்கத்தில்கூட வராது. பழுது பார்த்த ரசீதைத்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலில் “உங்கள் மேலான கருத்துக்கு நன்றி” என்று எழுதி, அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சரும் அனுப்பியிருந்தீர்கள். ஆறு மாதத்தில் காலாவதியாகுமாம். ஆறு மாதத்தில் அம்மா மறுபடி உங்கள் விமானத்தில் ஏறுவார் என்று எந்த நம்பிக்கையில் அனுப்பினீர்களோ தெரியவில்லை. அதை நான் ஏற்கவில்லை.

முன்வரிசை இருக்கைக்குக் கட்டிய தொகையும் பெட்டிப் பழுதுச் செலவும் எனக்குத் திரும்ப வேண்டும். கவுண்டரில் குறியீட்டை மாற்றியது யார் உத்தரவில் என்று எழுத்தில் வேண்டும். இனி குறியீட்டை மாற்றுவதானால் பயணியிடமோ பதிவு செய்தவரிடமோ கேட்காமல் மாற்றக்கூடாது. கேட் திறக்கவில்லை என்பதற்காகப் பயணியை நாற்காலியிலிருந்து இறக்கி வெளியே விட்டுப் போகும் வழக்கம் நிற்க வேண்டும், ஒப்படைத்தவரும் பெற்றுக்கொண்டவரும் கையெழுத்திட வேண்டும். திருச்சி விமானத்துக்குத் தமிழ் பேசும் ஒருவரையாவது கேட்டில் நிறுத்துங்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊரில் தமிழ் தெரிந்த ஊழியர் கிடைக்க மாட்டார் என்று சொன்னால் நம்ப மாட்டேன். ஐந்தாம் முனையத்தின் கட்டுமானம் 2025 மே மாதம் தொடங்கியிருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 5 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவில். நடக்க வேண்டிய தூரம் இனிக் குறையப் போவதில்லை.

இக்கடிதம் கிடைத்து 14 நாளுக்குள், பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதரின் பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டு, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கோரலாம், இரண்டாண்டு அவகாசமும் உண்டு, வழக்கறிஞரும் தேவையில்லை. என் கோரிக்கை அதில் மிகச் சிறிய தொகை. ஆனால் விசாரணைக்கு உங்கள் தரப்பில் ஒருவர் நேரில் வந்து, ‘எஸ்’ எப்படி ‘ஆர்’ ஆனது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பயணியின் மகள்

இணைப்பு: உறுதிச் சீட்டு, போர்டிங் பாஸ் படம், இருக்கைக் கட்டண ரசீது, பெட்டியின் படங்கள், பழுது ரசீது, முந்தைய மின்னஞ்சல்கள்.