கயிறு திரித்தவருக்கு மாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழில் அலஸ்டெயர் கம்பெல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டொனி பிளேயரின் தொடர்பாடல் பணிப்பாளராக அமர்ந்து, அவருக்காகச் செய்திகளை வளைத்துக் கொடுத்தவரை ‘ஊடக வித்தகர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஸ்பின் டொக்டர்’ என்பதற்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லைபோலும். எங்கள் ஊரில் அதைக் கயிறு திரித்தல் என்போம்.

2002 செப்டம்பரில் ஒரு மாலை, வேலை முடிந்து ரயிலில் வருகிறேன். எதிரே இருந்தவரின் பத்திரிகையில் ‘45 நிமிடம்’ என்று கொட்டை எழுத்து. ஈராக் அதிபர் சதாமின் பேரழிவு ஆயுதங்கள் அத்தனை விரைவில் தயாராகுமாம், பிளேயர் அரசு வெளியிட்ட ஆவணம் சொன்னது. அது குறுந்தூரப் போர்க்கள ஆயுதங்கள் பற்றிய தகவல் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்களும் அந்த வாரம் அதையே மொழிபெயர்த்துப் போட்டீர்கள். நான் அனுப்பிய மறுப்புக் கடிதம் இன்றுவரை அச்சேறவில்லை.

அடுத்த பெப்ரவரியில் கம்பெலின் அலுவலகம் தந்த இரண்டாவது ஆவணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்ராஹிம் அல்மராஷி என்ற ஆய்வு மாணவரின் கட்டுரையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தது. யாழ்ப்பாணத்தில் 19 வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். கொப்பியடித்தவனைப் பிழையை வைத்தே பிடிப்போம். இங்கும் மூலத்தில் இருந்த குறியீட்டுப் பிழை அப்படியே இருந்தது. ஆனால் ‘எதிர்ப்புக் குழுக்கள்’ என்று அந்த மாணவர் எழுதிய இடத்தில் மட்டும் ‘பயங்கரவாத அமைப்புகள்’ என்று மாறியிருந்தது. அந்த ஒரு சொல்மாற்றம் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

2003 பெப்ரவரி 15ஆம் திகதிக் குளிரில் ஈராக் போர் வேண்டாமென்று ஹைட் பார்க் வரை நடந்த கூட்டத்தில் நானும் என் மனைவியும் இருந்தோம். அவளுக்கு அதன்பின் முழங்கால் சரியாகவே இல்லை. அது வேறு கதை.

முதல் ஆவணத்தை ஊதிப் பெருப்பித்தார்கள் என்று பிபிசி சொன்னது. அந்தச் சர்ச்சையை விசாரித்த ஹட்டன் பிரபு 2004இல் கம்பெலைக் குற்றமற்றவர் என்றார். சரி. பதவி துறந்தவர்கள் பிபிசியின் தலைவரும் பணிப்பாளர் நாயகமும். மனச்சோர்வு பற்றிக் கம்பெல் வெளிப்படையாகப் பேசுவதையும் மதிக்கிறேன். என் வீட்டிலும் அந்த நோய் இருந்தது. அதற்காக, முன்னாள் கன்சர்வேட்டிவ் அமைச்சர் ரோரி ஸ்டூவர்ட்டுடன் வாராவாரம் பொட்காஸ்ட் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து அரசியல் நாகரிகம் போதிப்பவரை நாமும் வாயைப் பிளந்து கேட்க வேண்டுமா? அவருடைய இரண்டாம் வாழ்க்கைக்கு மூன்று பக்கம் கொடுத்த உங்களுக்கு, பிபிசியின் அந்தச் செய்திக்கு மூலமென்று பெயர் வெளிவந்த ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி 2003 ஜூலையில் ஒரு காட்டோரம் இறந்து கிடந்ததைச் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை.

கேட்பது அதிகமில்லை. 2019இல் கம்பெல் தொழிற்கட்சியிலிருந்து ‘விலகினார்’ என்று உங்கள் கட்டுரை சொன்னது தவறு. ஐரோப்பியத் தேர்தலில் லிபரல் டெமோக்ரட் கட்சிக்கு வாக்களித்ததாகச் சொன்னதற்காக அந்த மே மாதம் கட்சிதான் அவரை நீக்கியது. மீண்டும் சேர விருப்பமில்லை என்று அவராகச் சொன்னது பிறகு. அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கெல்லியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளலாம், பழக்கமானதுதானே.

இப்படிக்கு,
சந்தா தவறாத வாசகன்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்