நின்றுபோன வாட்ச்

நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது; உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மற்றபடி எல்லோரும் நலம்.

பெயர் தெரியாத சின்னக் கம்பெனி வாட்ச்சை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். உடனே எழுதியிருந்தால், யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். அப்புறம் என் வாட்ச் நின்றுபோனது.

நீ ‘சாப்பாட்டுத் தட்டு’ என்று கேலி செய்வாயே, அதேதான். நாலு வருஷமாகத் தினமும் கட்டியது. ஒருநாள் காலையில் ஆட்டிப் பார்த்தேன், சாவி கொடுத்துப் பார்த்தேன், நொடி முள் அசையவே இல்லை. கம்பெனிக்கு எழுதினால் பதில் இல்லை, மூடிவிட்டார்களாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துகிற தொழிலில் இது நடக்கக்கூடியதுதான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்ததும், “இதுவா!” என்று சிரித்துவிட்டார். உள்ளே இருந்தது ஜப்பானியக் கம்பெனி சீகோவின் என்ஹெச்35 என்ற மெஷின். உராய்வைக் குறைக்க 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுசாகச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும். எத்தனையோ சின்னக் கம்பெனிகள் வாங்கிப் போடுவது இதைத்தான். கழற்றிச் சுத்தம் செய்வதைவிடப் புது மெஷினே மலிவு என்றார். பழைய டயல், பழைய முட்கள், உள்ளே மட்டும் புதுசு. சாயங்காலம் கையில் கட்டிக்கொண்டு வந்தேன். ‘சொந்தமாக மெஷின்கூடச் செய்யத் தெரியாதவர்கள்’ என்று நாம் இரண்டு பேரும் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! அந்த இரவல் மெஷின்தான் கம்பெனி போன பிறகும் வாட்ச்சைக் காப்பாற்றியது.

நீ குறித்து அனுப்பிய இரண்டில் ஒன்றில் இதே என்ஹெச்35, மற்றதில் மியோட்டா என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனியின் 9015 மெஷின். இரண்டுமே எளிதாகக் கிடைப்பவை. மியோட்டா 28,800 துடிப்பு, அதனால் முள் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடும். என்ஹெச்35 ஒரு நாளைக்கு 20 நொடி பிந்தலாம், 40 நொடி முந்தலாம்; அதைத் தயாரிப்பவர்களே ஏற்றுக்கொள்ளும் கணக்கு இது, பதறாதே. கண்ணாடி மட்டும் என்னுடையதைப் போல எளிதில் கீறல் விழாத சஃபயராக இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் என் வாட்ச்சின் உடம்பெல்லாம் கீறல், கண்ணாடியில் ஒன்றுகூட இல்லை. டயலின் விட்டத்தை வைத்து முடிவு செய்யாதே. பட்டை மாட்டும் மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை அள. உன் மணிக்கட்டு ஒல்லி, கொம்பு வெளியே நீண்டால் நன்றாயிருக்காது.

என் கவலையெல்லாம் அந்த இரண்டாவது வாட்ச்சின் பட்டை மேல்தான். படத்தில் பார்த்தால் உடம்போடு சேர்த்துத் தனி வடிவில் செய்தது போலிருக்கிறது. அது அறுந்து, கம்பெனியும் இல்லாமல் போனால், வேறெந்தப் பட்டையும் அதில் ஏறாது. சாதாரண 20 மில்லிமீட்டர் பட்டை ஏறுமா என்று அவர்களுக்கு எழுதிக் கேள். பதில் வரும்வரை பணம் கட்டாதே.

உன்
நண்பன்