இலையுதிர் மாதம்: பிஞ்சுக் கைகளுக்கு நிறைய வேலை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இலைகள் நிறம் மாறத் தொடங்கும் இந்த மாதம்தான் மழலையர் வகுப்பில் வேலை மும்முரமாக நடக்கும் மாதம். தொடக்க வாரங்களின் அழுகை ஓய்ந்துவிட்டது. வகுப்பின் ஒழுங்கும் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. இனி எழுத்து, எண் என்று விறுவிறுவெனப் போகலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். நாங்கள் அவசரப்படுவதாக இல்லை. பென்சில் ஒழுங்காக நிற்க விரலில் பலம் வேண்டும். இந்த மாதப் பாடங்களில் பெரும்பகுதி அந்த விரல்களுக்குத்தான்.

முதல் பாடம் குளிருக்குப் போடும் கோட்டு. 20 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 நிமிடம் என்று ஆசிரியரே மாட்டிவிட்டால் 40 நிமிடம் அதிலேயே போய்விடும். விளையாட்டு நேரம் முடிந்திருக்கும். ஆகவே தாமே மாட்டிக்கொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுக்கிறோம். கோட்டைத் திறந்து, உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரிக்க வேண்டும். அதன் கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்மாட்டில் இருக்க வேண்டும். குனிந்து, இரண்டு கைகளையும் கோட்டின் கைகளுக்குள் நுழைத்து, தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போட்டால் கோட்டு தானாக ஏறிவிடும். தலைகீழாக ஏறினால், விரித்தபோது கழுத்து எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜிப்பில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கத்து முனை மறுபக்கத்துக் குழிக்குள் அடிவரை இறங்காமலே மேலே இழுப்பதுதான் காரணம். ஒரு கை அடிமுனையை இறுகப் பிடித்திருக்க, மறு கை இழுக்க வேண்டும். இழுக்கும் பிடி சிறியதாக இருந்தால் அதில் ஒரு நாடாவைக் கட்டிவிடுங்கள். கையுறையைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். அதை முதலில் போட்டுக்கொண்ட பிள்ளைக்கு ஜிப் வசப்படாது. கையுறை இரண்டிலும் தனித்தனியாகப் பெயர் எழுதுங்கள், ஏனென்றால் தொலைவது எப்போதும் ஒன்றுதான். காலையில் 5 நிமிடம் முன்னதாகக் கிளம்பத் தயாரானால், நீங்களே மாட்டிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள முடியும்.

அடுத்து இலைகள். வாரத்தில் ஒரு நாள் வகுப்போடு வெளியே நடந்து இலை பொறுக்குகிறோம். வீட்டிலிருந்தும் ஆளுக்கு 5 இலை கொடுத்தனுப்புங்கள். அன்று விழுந்த, இன்னும் வளைந்துகொடுக்கும் இலையாக இருக்கட்டும். மொறுமொறுவென்று காய்ந்தது கை பட்டதும் நொறுங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும், காகிதப் பைதான் சரி. ஈரத்தை ஒற்றியெடுத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி, கனமான புத்தகத்தின் கீழ் 1 முதல் 2 வாரம் வையுங்கள். முதல் வாரம் ஓரிரு முறை தாளை மாற்றினால் கறுக்காது.

இலை அச்சு எடுப்பதற்கு இலையின் பின்புறம் மேலே இருக்க வேண்டும், நரம்பு எழும்பி நிற்பது அங்கேதான். மேலே மெல்லிய தாளைப் போட்டு, காகித உறை உரித்த கிரேயானைப் படுக்கைவாட்டில் தேய்க்க வேண்டும். நுனியால் தேய்த்தால் கோடுதான் விழும், நரம்பு தெரியாது. இலை நழுவினால் ஒரு துளி பசை போதும்.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று வீட்டிலும் கேட்பார்கள். மஞ்சளும் ஆரஞ்சும் இலைக்குள் முன்பே இருந்தவை. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகின்றன. சிவப்பு அப்படியல்ல, பல மரங்களில் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. “பச்சை போனதும் உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் எட்டிப்பார்க்கிறது” என்று சொன்னால் ஐந்து வயதுக்குப் புரியும். மரம் தூங்கப்போகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பைன் கூம்புகளும் எடுத்துவரலாம். தண்ணீரில் போட்டால் செதில்கள் மெல்ல மூடிக்கொள்ளும். காய்ந்தால் மறுபடி விரியும். செதிலின் வெளியடுக்கு உள்ளடுக்கைவிட அதிகமாக ஊறி உப்புவதே காரணம். விரிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம் என்பதால் பொறுமையும் ஒரு பாடமாகிறது.

எண்ணிப் பழக ஓக் கொட்டைகளை வைத்திருக்கிறோம். கொண்டுவரும் கொட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பவற்றைப் பெரும்பாலும் புழு குடைந்திருக்கும், ஒதுக்கிவிடுங்கள். மூழ்கியவற்றைத் துடைத்து 2 நாள் உறைபெட்டியில் வைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் சில நாளில் வெள்ளைப் புழு மேசையில் நெளியும். (பிள்ளைகளுக்கு அது திருவிழா, எங்களுக்கு இல்லை.) எந்தக் கொட்டையும், காளானும், செடியில் தொங்கும் பழமும் வாய்க்குப் போகக் கூடாது. வீட்டில் 3 வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் கொட்டைகளை எட்டாத இடத்தில் வையுங்கள், தொண்டையில் சிக்கும்.

பிள்ளை எண்ணும்போது மூன்று தவறுகளைக் கவனியுங்கள்: ஒன்றையே இருமுறை எண்ணுவது, ஒருமுறை தொட்டு இரண்டு எண் சொல்வது, எண்ணி முடித்தபின் “மொத்தம் எத்தனை?” என்றால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது. முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எண்ணியதை ஒவ்வொன்றாக மறுபக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். மூன்றாவது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்பதன் அடையாளம். திருத்த வேண்டாம், தினமும் கொஞ்சம் எண்ணினால் தானே வரும். முட்டை அட்டையை வரிசைக்கு 5 குழியாக 2 வரிசை வெட்டி வைத்தால், 7 என்பது ஐந்தும் இரண்டும் என்று பார்த்ததுமே தெரியும். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையைவிட, இந்த 7-ஐக் கண்ணால் காணும் பிள்ளையே முன்னால் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

கத்தரிக்கோல் பிடிக்கையில் கட்டைவிரல் மேலே, முழங்கை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். முதலில் 2 செ.மீ. அகலப் பட்டையை ஒரே வெட்டில் துண்டாக்குவது, பிறகு நேர்கோடு, அதன் பிறகே வளைவு. வளைவில் திரும்ப வேண்டியது தாள்தான், கத்தரிக்கோல் அல்ல. மெல்லிய தாள் அலகுக்கு நடுவே மடிந்துகொள்ளும், அதனால் சற்றுக் கெட்டியான தாள் கொடுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக்கான கத்தரிக்கோலே வேண்டும். மற்றதில், வெட்ட வேண்டிய கோட்டை அலகு மறைத்துவிடும். எழுத்தில் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளோடு இந்த மாதம் நிற்கிறோம். சுழி எழுத்துகளை வீட்டில் வற்புறுத்த வேண்டாம்.

சளியும் காய்ச்சலும் பரவும் காலம் இது. சோப்பு போட்டு 20 வினாடி கை கழுவப் பழக்குங்கள். கட்டைவிரலும் விரலிடுக்கும்தான் விட்டுப்போகும் இடங்கள். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்தால் அனுப்ப வேண்டாம். மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருந்தால் வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்ற பிறகு 48 மணி நேரம். காலையில் மருந்து கொடுத்து அனுப்பினால் நண்பகலுக்குள் காய்ச்சல் திரும்பிவிடும். நீங்களும் வேலையை விட்டு ஓடிவர வேண்டியிருக்கும்.

கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும் வாரத்தில், 6 மணிக்கு எழும் பிள்ளை 5 மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடும். அதற்கு 4 நாள் முன்பிருந்தே இரவு உணவையும் படுக்கையையும் தினம் 15 நிமிடம் தள்ளிவையுங்கள். மொத்தத் தூக்கம் குறைய வேண்டாம்: 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும்.

மாதக் கடைசியில் பெற்றோர் சந்திப்பு, ஒரு குடும்பத்துக்கு 15 நிமிடம். கேட்க விரும்பும் இரண்டு கேள்விகளை 2 நாள் முன்னதாகவே பிள்ளையின் நோட்டில் எழுதியனுப்புங்கள். ஆசிரியர் அந்த இரண்டு நாளும் அதைக் கவனித்துவிட்டு வந்து பதில் சொல்வார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்