கோர்ட்ஸ பாடமாக்க விடாதீங்க, ஸ்கேல்ல இருந்து எடுக்கக் காட்டுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் திருகோணமலை உவர்மலையில இருந்து எழுதுறன். உங்கட பேப்பர்ல ஞாயிற்றுக்கிழமை வாற மாணவர் பக்கத்த எங்கட வீட்டில வெட்டி ஃபைல் பண்ணி வைக்கிறது பழக்கம். கணிதம், விஞ்ஞானம், வரலாறு எல்லாம் வருது, சங்கீதத்துக்கு மட்டும் ஒரு மூலை கூட இல்லை, அதாலதான் எழுத வெளிக்கிட்டன், குறிப்பா பியானோ கீபோர்ட் படிக்கிற பிள்ளையளுக்காக. கோர்ட் எண்டா மூண்டு சுரத்த ஒண்டா அமத்திற சேர்க்கை, ஸ்கேல் எண்டா ஒரு சுருதியில வாற ஏழு சுரத்திண்ட வரிசை.

என்ட மகளுக்கு 12 வயசு, 2 வருஷமா கீபோர்ட் கிளாசுக்குப் போறா. போன மார்கழியில கரோல் பிரக்டிஸுக்கு ஹோல்ல இருக்கிற பழைய பியானோவில வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. உப்புக்காத்துப் பட்டு ரெண்டு மூண்டு கட்டை இறுகிப்போன பியானோதான், ஆனாலும் பிள்ளைக்குச் சரியான சந்தோஷம். சி மேஜர்ல வடிவாப் பழகிக்கொண்டு போனா. அங்க பாடுற ஆக்களுக்கு சுருதி பதிவாப் போச்சு, "ஒரு படி ஏத்தி டி மேஜர்ல வாசி பிள்ளை" எண்டிட்டாங்க. வீட்டில எண்டா கீபோர்ட்ல சுருதிய ஏத்தி இறக்கிற ட்ரான்ஸ்போஸ் பட்டன 2 தரம் அமத்தினா அலுவல் முடிஞ்சுது, பியானோவில அந்தப் பட்டன் எங்க இருக்கு? கையக் கட்டையில வச்சபடி அப்பிடியே இருந்தா, கண்ணால தண்ணி வந்திட்டு. அண்டைக்கு வேற ஆள்தான் வாசிச்சது.

வீட்ட வந்து அவட கொப்பியப் பாத்தன். கிளாஸில குடுத்த போட்டோகொப்பி சாட் ஒண்டு, பெட்டி பெட்டியா 12 மேஜர் கோர்ட், 12 மைனர் கோர்ட். அவ்வளவையும் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வச்சிருக்கிறா. ஆனா டி மேஜர்ல ஒரு பாட்டு வந்தா அதில எந்தெந்தக் கோர்ட் வரும், ஏன் வரும் எண்டு கேட்டா தெரியாது. பிள்ளையில பிழை இல்லை, அத ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்ல. அவவோட படிக்கிற மற்றப் பிள்ளையளிட்டயும் கேட்டுப் பாத்தன், அதே கதைதான்.

அத விளங்கப்படுத்தினது என்ட பெரியம்மா. அவ கர்நாடக சங்கீதம் படிப்பிச்சவ, கோர்ட் எண்ட சொல்லே பாவிக்கிறேல்ல. மகளக் கூப்பிட்டு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில இருத்தி, "பிள்ளை, சங்கராபரணத்த ஒருக்காப் பாடு" எண்டா. பிள்ளை ச ரி க ம ப த நி பாடினா. "இப்ப ச-வப் பிடி, ரி-ய விடு, க-வப் பிடி, ம-வ விடு, ப-வப் பிடி." ச-வ சி கட்டையில வச்சா ரி டி, க ஈ எண்டு வரிசையா வரும், அதால மூண்டு விரலும் ஒண்டா அமர்ந்த உடன வந்தது சி மேஜர் கோர்ட். பிறகு அதே மாதிரி ரி-யில இருந்து ரி, ம, த. அது டி மைனர். க, ப, நி எண்டா ஈ மைனர். ம, த, ச எண்டா எஃப் மேஜர். ப, நி, ரி எண்டா ஜி மேஜர். த, ச, க எண்டா ஏ மைனர். கடைசியில நி, ரி, ம எண்டா ஒரு மாதிரி முடியாம நிக்கிற சத்தம், அதுதான் பி டிமினிஷ். பிள்ளை வாயத் திறந்தபடி என்னப் பாத்தா. 2 வருஷம் பாடமாக்கினது 10 நிமிஷத்தில ஒரு ராகத்துக்குள்ள இருந்து வந்திட்டுது.

மேஜர் ஸ்கேலும் எங்கட 29ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) சங்கராபரணமும் சுரத்தில ஒண்டுதான், கமகத்தோட பாடுற விதம் வேற எண்டது வேற விஷயம். கோயில் பஜனையில, கலைவிழாவில பாடி எங்கட பிள்ளையளுக்கு அது ஏற்கனவே காதில இருக்கு. காதில இருக்கிறத விட்டிட்டு சாட்டக் கையில குடுக்கிறம், அதுதான் எனக்கு மனவருத்தம்.

ஒரு மேஜர் கீயில, அதாவது ஒரு சுருதியில, வாற 7 கோர்ட்ல 1, 4, 5ஆவது சுரத்தில தொடங்கிற மூண்டும் மேஜர், 2, 3, 6இல தொடங்கிற மூண்டும் மைனர், 7இல தொடங்கிறது டிமினிஷ். 12 கீயிலயும் இது மாறாது. ஏன் சிலது மேஜர் சிலது மைனர் எண்டா, கறுப்பு வெள்ளை எல்லாத்தையும் சேத்து எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, சி-யில இருந்து ஈ-க்கு 4 கட்டை தூரம், ஈ-யில இருந்து ஜி-க்கு 3, முதல் 4 பிறகு 3 வந்தா மேஜர். டி-யில இருந்து எஃப்-க்கு 3, எஃப்-ல இருந்து ஏ-க்கு 4, அப்ப அது மைனர். பி-யில தொடங்கினா 3 உம் 3 உம், அதாலதான் அந்த முடியாத சத்தம். பெரியம்மா இதுக்கு எங்கட கன்னியா வெந்நீர்க் கிணறுகளச் சொன்னா, 7 கிணறும் ஒரே இடத்தில கிட்டக் கிட்ட இருந்தும் ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற தானே எண்டு. பிள்ளைக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சு.

பிறகு 1 கட்டைச் சுருதிய (ச சி-யில) விட்டு 2 கட்டைச் சுருதிக்கு வந்தா, ச டி-யில, அதுதான் டி மேஜர். டி மேஜர் ஸ்கேல்ல எஃப் ஷார்ப், சி ஷார்ப் எண்ட ரெண்டு கறுப்புக் கட்டை வரும், மற்றதெல்லாம் வெள்ளைக் கட்டை. அதே ஒண்டு விட்டு ஒண்டுதான்: டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் மைனர், ஜி, ஏ, பி மைனர், சி ஷார்ப் டிமினிஷ். ஒரு சாட்டும் பாக்காம மகள் தானாவே கண்டுபிடிச்சா. அண்டைக்கு ஹோல்ல தேவைப்பட்டது இவ்வளவுதான்.

இன்னொண்டும் சொல்லோணும். பாத்த பிள்ளையள் கன பேர் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் கைய முழுசாத் தூக்கித் தூக்கி வைக்கிறாங்க, அதால தாளம் விடுபடுது. சி-யில இருந்து எஃப்-க்குப் போகேக்க பெருவிரல் சி-யிலயே நிக்கட்டும், மற்ற ரெண்டு விரலும் எஃப்-க்கும் ஏ-க்கும் நகந்தாக் காணும். ஜி-க்கு வரேக்க சின்னவிரல் ஜி-யில இருக்க மற்றது ரெண்டும் பி-க்கும் டி-க்கும் இறங்கும். ரெண்டு கோர்ட்டுக்கும் பொதுவான நோட் எது எண்டு தெரிஞ்ச பிள்ளை கட்டையப் பாக்காமலே வாசிக்கும். சி மேஜர்லயும் ஜி மேஜர்லயும் 4 கோர்ட் பொது: சி, ஈ மைனர், ஜி, ஏ மைனர். அப்ப புதுக் கீ எண்டு பயப்பிடத் தேவையே இல்லை, பாதிக்கு மேல ஏற்கனவே கையில இருக்கு.

படிப்பிக்கிற ஆக்களக் குறை சொல்லுறதுக்கு இத எழுதேல்ல, கொஞ்ச நேரத்துக்குள்ள கன பிள்ளையளப் பாக்கிற கஷ்டம் எனக்கும் விளங்குது. நான் கேக்கிறது, முதல் மாசம் சாட்டக் குடுக்காதீங்க, ஸ்கேலப் பாட வைச்சு அதில இருந்து கோர்ட்ட எடுக்கக் காட்டுங்க, ஒரு விரல்ல அமத்தினா முழுக் கோர்ட்டும் வாற செட்டிங்கயும் ட்ரான்ஸ்போஸ் பட்டனையும் ஒரு வருஷத்துக்காவது தொட விடாதீங்க.

உங்களிட்ட கேக்கிறது, மாணவர் பக்கத்தில மாசத்தில ஒரு தரமாவது அரைப் பத்தி ஒதுக்கி, ஒரு மேஜர் ஸ்கேலும் அதில வாற 7 கோர்ட்டும் சுரத்தோட சேத்துத் தமிழில போடுங்கோ. 12 மாசத்தில 12 கீயும் முடிஞ்சிடும். கிளாசுக்குக் காசு கட்ட வசதி இல்லாத பிள்ளையள் பாலையூத்திலயும் இருக்கு, நிலாவெளியிலயும் இருக்கு, அந்தப் பத்திய வெட்டி வச்சு கோயில் ஆர்மோனியத்திலயோ சேர்ச் கீபோர்ட்லயோ இருந்து பழகுவாங்க. எழுதித் தர பெரியம்மா தயாரா இருக்கிறா, முதல் மாசத்துக்கு சி மேஜர எழுதி வச்சிட்டா.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
உவர்மலை, திருகோணமலை.