புருவத்தை உயர்த்தினால் ஆம்

ஒட்டாவா,
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை என்று நீ கோபத்தில் இருப்பதாகத் தவம் சொன்னான். கோபித்துக்கொள், நியாயம்தான். ஆனால் அந்தச் சைக்கிள் கதையை நீ இன்னும் ஊரெல்லாம் சொல்லித் திரிவதாகவும் அவனே சொன்னதால், கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி, மகன் வேலை மாறிவிட்டான். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நெடுந்தீவில் தனியாக இருக்கும் அம்மாவை யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். இதே வேலையில் 14 வருடம் கிடக்கிறவளிடம் பதில் கைவசம் இருக்கும் என்று நினைத்திருப்பாய். போன மாதம் வரை இருந்தது. காற்றடித்தால் படகு ஓடாத இடத்தில் 80 வயது மனுஷியை எப்படித் தனியாக விடுவது, சேர்த்துவிடு என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை. அதற்குக் காரணம் எங்கள் இல்லத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் இனுயிட் மூதாட்டி. இனுயிட் என்பது கனடாவின் வட துருவப் பக்கத்துப் பழங்குடிச் சனம். பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆச்சி என்றே சொல்கிறேன்.

ஆச்சியின் ஊர் கனடாவின் வடகோடியில், நுனாவுட் என்ற ஆள்புலத்தில் இருக்கிறது. ஆள்புலம் என்றால் மாகாணம் போன்ற ஒரு பிரிவு. ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீற்றர் நிலத்தில் 25 ஊர்கள், மொத்தமாக 40,000 பேர் அளவில் சனம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வீதி கிடையாது. தலைநகரான இக்கலுயிட்டுக்கே இங்கிருந்து விமானத்தில் 3 மணி நேரம் போக வேண்டும், அதற்கு அப்பால் சிறிய விமானத்தில் அவருடைய ஊர். அங்கே தாதிகள் நடத்தும் ஒரு சுகாதார நிலையம் உண்டு, நிரந்தர வைத்தியர் இல்லை. மறதி நோய் முற்றி, பனி உறையும் ஒரு மாரி இரவில் ஆச்சி காலணி இல்லாமல் வெளியே நடந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கண்டபடியால் உயிர் தப்பினார். அதன் பிறகுதான் இங்கே அனுப்பினார்கள். ஆகவே அனுப்பியவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த நாட்டில் வைத்தியரும் வைத்தியசாலையும் எல்லோருக்கும் இலவசம் என்று நாம் பெருமையடித்துக்கொள்வோமே, 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் கட்டாயமாக்கியது அவற்றைத்தான். முதியோரின் நீண்டகாலப் பராமரிப்பு அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கிறது. அந்தந்த மாகாணமும் ஆள்புலமும் தன்னால் இயன்றதைச் செய்கின்றன. இயலாதபோது ஆளை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சி கொஞ்ச நஞ்சம் அறிந்திருந்த ஆங்கிலத்தையும் நோய் முதலில் கொண்டுபோய்விட்டது, மிஞ்சியது அவர்களுடைய தாய்மொழியான இனுக்டிடுட் மட்டும். தினமும் காலையில் தேநீர்க் கோப்பையைக் காட்டி "வேண்டுமா?" என்று கேட்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், வாய் திறக்க மாட்டார். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவேட்டில் "பதிலளிக்கவில்லை" என்று எழுதுவேன். இப்படிப் பதினொரு மாதம். குளிக்க வார்க்கும்போது மூக்கைச் சுளிப்பார். சவர்க்காரத்தின் வாசம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து மூன்று தரம் சவர்க்காரத்தை மாற்றினோம்.

போன மாதம் மகள் வந்தாள். விமானச் சீட்டுக்கு ஆயிரக்கணக்கான டொலர் வேண்டும் என்பதால் அதுதான் அவளுடைய முதல் வருகை. நான் வழக்கம்போலக் கோப்பையோடு போய், கேட்டு, நின்று, திரும்பினேன். "அம்மா ஆம் என்றுதானே சொன்னார், ஏன் கொண்டுபோகிறீர்கள்?" என்றாள் அந்தப் பெண். அவர்களிடத்தில் புருவத்தை உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுளித்தால் இல்லை. பதினொரு மாதமாக அந்த மனுஷி ஒவ்வொரு காலையும் எனக்கு மரியாதையாக ஆம் என்று சொல்லியிருக்கிறார், நான் தேநீரைத் திருப்பி எடுத்துப் போயிருக்கிறேன். பரமேஸ்வரி ரீச்சர் இருந்திருந்தால் என்னை வாங்கில் ஏற்றி நிற்க வைத்திருப்பார்.

இதோடும் முடியவில்லை. கூட வந்த ஆறு வயதுப் பேரனை ஆச்சி "அத்தாத்தா" என்று அழைத்தார். அவர்களுடைய மொழியில் அப்பா என்று பொருள். எங்கள் தாதி ஒருத்தி "குழப்பம் கூடியிருக்கிறது, பேரனைத் தகப்பன் என்று எண்ணுகிறார்" என்று உடனே பதிந்துவிட்டாள். ஒரு குழப்பமும் இல்லை, வசந்தி. அந்தப் பையனுக்கு ஆச்சியின் தகப்பனுடைய பெயரை வைத்திருக்கிறார்கள். பெயரைச் சுமப்பவனை அந்த உறவு சொல்லியே அழைப்பது அவர்கள் வழக்கம். பெயரன்தான் பேரன் ஆனான் என்று வகுப்பில் படித்த நமக்கு இது விளங்காமலா போகும்?

புறப்படும் முன் மகள் இன்னொன்றும் சொன்னாள். 1950களில் சி.டி. ஹோவ் என்ற அரசாங்கக் கப்பல் வடக்கே ஊர் ஊராகப் போய் எல்லோரையும் எக்ஸ்ரே எடுத்திருக்கிறது. காசநோய் என்று கண்டால், கரைக்குத் திரும்பி விடைபெறக்கூட விடாமல் பலரை அப்படியே தெற்கே கொண்டுபோயிருக்கிறார்கள். 1956 அளவில் இனுயிட் மக்களில் ஏழு பேருக்கு ஒருவர் தெற்கில் உள்ள சானட்டோரியங்களில், அதாவது காசநோய் வைத்தியசாலைகளில், இருந்தார்களாம். இதற்குப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச் மாதத்தில். ஆச்சியின் தாயும் அந்தக் கப்பலில் ஏறியவர். திரும்பவில்லை, எங்கே புதைத்தார்கள் என்பதும் தெரியாது. நாங்கள் "பராமரிப்பு" என்று சொல்லிக் கூட்டி வந்த இடம் ஆச்சிக்கு எந்த இடமாகத் தெரிந்திருக்கும் என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

வடக்கிலேயே வைத்துப் பார்க்க முடியாதா என்றால், முடியும். இக்லூலிக், ஜோவா ஹேவன், கேம்பிரிட்ஜ் பே ஆகிய ஊர்களில் சிறிய பராமரிப்பு நிலையங்கள் உண்டு, ராங்கின் இன்லெட்டில் 24 படுக்கைகளோடு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் எழுப்பும் சாமானெல்லாம் கடற்பனி உருகும் சில வாரங்களுக்குள் கப்பலில் வந்து சேர வேண்டும் என்பது ஒரு தலைவலி. அதைவிடப் பெரிய தலைவலி ஆட்கள். வெளியூர்த் தாதி போனால் குடியிருக்க வீடில்லை, ஊர்ப் பிள்ளைகளைப் பழக்குவதற்கோ எவருக்கும் பொறுமையில்லை. புருவத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அவர்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுப்பதை விட்டு விமானக் காசு கட்டுகிறார்களே என்று எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

உன் அம்மாவுக்கு மொழிப் பிரச்சினை இல்லையே என்று நீ கேட்பாய். உன் அம்மா என்றைக்காவது வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? சேலைத் தலைப்பை ஒரு இழுப்பு இழுத்து இடுப்பில் செருகுவார். அதைக் கண்டதும் நாம் இருவரும் கிணற்றடிக்கு ஓடிவிடுவோம். முதலில் அவரிடமே நேரில் போய்க் கேள், போனில் கேட்காதே. பக்கத்து வீட்டு ராசம்மாக்கா காலையும் மாலையும் வந்து பார்க்க, கணக்காக மாதக் காசு கொடுத்தால் சம்மதிப்பாவா என்று கேள். நான் பாதி தருகிறேன், வாதாடாதே. மருந்தை மாதாமாதம் தீவு வைத்தியசாலையிலேயே எடுக்க முடியுமா என்றும் விசாரி. இவையொன்றும் சரிவராமல் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் கொண்டுவா, நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சேலைத் தலைப்பைப் பற்றி அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடு.

நாளைக்கு 6 மணி வேலை. ஆச்சிக்கு இப்போது இரண்டு கோப்பை ஊற்றுகிறேன். இரண்டாவதற்கும் புருவம் உயர்கிறது.

அன்புடன்,
மலர்